ஐ.நா. வெறும் பேச்சு மேடையா?

"சர்வதேச அமைப்புகளெல்லாம் பேச்சு மேடைகள். வல்லரசுகள் நினைத்தால்தான் எதுவும் நடக்கும்." காசாவிலும் உக்ரைனிலும் குண்டு விழும்போதெல்லாம் தொலைக்காட்சி விவாதங்களில் இதை முடிந்த முடிவாகச் சொல்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது, முடிவு தவறானது. வீட்டோ அதிகாரத்தில் முடங்கிப்போகும் பாதுகாப்பு கவுன்சில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

பகை நாடுகளை எந்த அமைப்பாலும் ஒன்றாக வேலை செய்ய வைக்க முடியாது என்பது முதல் வாதம். பெரியம்மையின் கதை இதை அப்படியே மறுக்கிறது. அந்த நோயை உலகத்திலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று 1958இல் உலக சுகாதார அமைப்பின் கூட்டத்தில் முன்மொழிந்தவர், சோவியத் சுகாதாரத் துணை அமைச்சர் விக்டர் ஸ்தானவ். கூட்டம் நடந்தது அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில். 1967இல் தீவிரமாகத் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் டி.ஏ. ஹெண்டர்சன் என்ற அமெரிக்கர். அவர் நம்பியிருந்த தடுப்பு மருந்தின் பெரும்பகுதியைச் சோவியத் ஒன்றியம் இலவசமாகக் கொடுத்தது. இரு நாடுகளும் ஒன்றையொன்று குறிவைத்து அணு ஏவுகணைகளை நிறுத்தியிருந்த காலம் அது.

களத்தில் பயன்பட்ட ஊசியைப் பாருங்கள். நுனி இரண்டாகப் பிளந்திருக்கும், பிளவுக்கு இடையில் ஒரு சொட்டு மருந்து நிற்கும். மேல்கையில் பதினைந்து தடவை வேகமாகக் குத்தினால் வேலை முடிந்தது. பழைய முறையில் செலவான மருந்தில் கால்வாசியே போதும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடலாம். காப்புரிமை வைத்திருந்த வையத் நிறுவனம் இதற்காக உரிமத்தொகையை வாங்கவில்லை. 1974இல் இந்தியாவில் மட்டும் 1.8 லட்சத்துக்கும் அதிகமானோரை நோய் தாக்கியது. பெரியம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்படி யாருக்காவது இருக்கிறதா?" என்று சுகாதார ஊழியர்கள் வீடுவீடாகக் கேட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டே இந்தியாவில் நோய் நின்றது. 1977இல் சோமாலியாவின் மெர்கா நகரில், இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி பதிவானார். 1980 மே மாதம் பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

"பணம் வீண்" என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 1967 முதல் 1979 வரை உலகம் முழுவதும் ஆன செலவு சுமார் 30 கோடி டாலர். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் அந்த நோய் ஏறத்தாழ 30 கோடிப் பேரைக் கொன்றிருக்கிறது.

நாடுகள் இரண்டிரண்டாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே, நடுவில் ஓர் அமைப்பு எதற்கு என்றும் கேட்கிறார்கள். 2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்து, தமிழகக் கரையை அலை தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி மையம் அதிர்வைச் சில நிமிடங்களிலேயே அறிந்துவிட்டது. இந்தியப் பெருங்கடல் நாடுகளில் யாரிடம் சொல்வது என்பதற்கு மட்டும் எந்த ஏற்பாடும் இல்லை. பசிபிக் நாடுகள் 1960களிலேயே யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் வழியாக அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டிருந்தன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 2005இல் அதே ஆணையத்தின் கீழ் நமக்கும் அது வந்தது. இன்று ஹைதராபாத் மையம், ஆஸ்திரேலிய, இந்தோனேசிய மையங்களுடன் சேர்ந்து இந்தப் பெருங்கடல் முழுவதற்கும் எச்சரிக்கை அனுப்புகிறது. பாகிஸ்தானும் ஈரானும் இதே வலையில் இருக்கின்றன. டெல்லியும் இஸ்லாமாபாத்தும் நேரில் பேசாத மாதங்களிலும் கடல்மட்ட அளவுகளைப் பகிர வழி இருக்கிறது. இத்தனை கரைகளுக்கும் இரண்டிரண்டு நாடுகளாக ஒப்பந்தம் போடுவதென்றால் எத்தனை போடுவது?

ஏழை நாடுகளின் குரல் எடுபடாது என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஆனால் ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தபோது இந்தியாவும் சீனாவும் சேரவில்லை. மாற்றுத் தொழில்நுட்பத்துக்கான செலவைப் பணக்கார நாடுகள் ஏற்க வேண்டும் என்று கேட்டன. 1990இல் லண்டன் கூட்டத்தில் அதற்காகத் தனி நிதியம் உருவானது. 1992இல் இந்தியா சேர்ந்தது. பணக்கார நாடுகள் அந்த இடத்தில் இறங்கி வந்தன.

கடைசி வாதம்தான் தமிழர்களுக்கு வலிப்பது: "முள்ளிவாய்க்காலில் ஐ.நா. என்ன செய்தது?" கைவிட்டது. இலங்கைப் போர் நடந்துகொண்டிருந்த 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது, போகாதீர்கள் என்று மக்கள் அலுவலக வாசலில் கூடி நின்று கெஞ்சினார்கள். கட்டமைப்பே தோற்றது என்று ஐ.நா.வின் உள்விசாரணை அறிக்கை 2012இல் ஒப்புக்கொண்டது. அந்தக் குற்றத்தை நான் எந்த வகையிலும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் குற்றத்தை "ஐ.நா." என்ற பெயரோடு நிறுத்திக்கொள்வது, முடிவெடுத்த அரசுகளைத் தப்பவிடுவதாகும். 2009இல் இலங்கைப் போர் பாதுகாப்பு கவுன்சிலின் முறையான நிகழ்ச்சிநிரலில் ஏறாமல் தடுத்தவை உறுப்பு நாடுகள். அந்த மே மாதம் மனித உரிமைகள் கவுன்சிலில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை 29 நாடுகள் ஆதரித்தன. இந்தியா அவற்றில் ஒன்று.

அதே கவுன்சில்தான் 2021 மார்ச்சில், போர்க்குற்ற ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமைகள் ஆணையர் அலுவலகத்துக்குக் கொடுத்தது. கொழும்பு அதை எதிர்த்தது. என்றாவது ஒரு நீதிமன்றம் கேட்டால் கொடுப்பதற்கு, சாட்சியங்கள் ஜெனீவாவில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. எந்த ஒரு நாடும் தனியாக இதைச் செய்ய முன்வரவில்லை. அந்த வாக்கெடுப்பில் 22 நாடுகள் ஆதரித்தன, 11 எதிர்த்தன, 14 ஒதுங்கிக்கொண்டன. ஒதுங்கிய நாடுகளில் இந்தியாவும் உண்டு. ஏன் ஒதுங்கினீர்கள் என்று தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் டெல்லியைத்தான் கேட்க வேண்டும், அடுத்த வாக்கெடுப்புக்கு முன்பே.