வம்சம் தேடுவது பெருமைக்கா, உண்மைக்கா?



அண்மைக்காலமாக எமது குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் வம்ச வரைபடங்கள் நிறைய வலம் வருகின்றன. பார்க்கச் சந்தோசமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவை ஒரே மாதிரி. மேலே ஓர் அரபு வணிகர், கீழே எமது மூத்தவாப்பா, இடையில் பல நூறு வருடங்கள் வெறுமை. அந்த வெறுமையைப் பற்றிக் கேட்டால், "எங்கட மூத்தவங்க சொன்னது" என்று பதில் வரும். அதோடு கதை முடிந்துவிடும்.

நேரடியாக இதைப் பேசினால் சிலருக்கு மனம் நோகும். ஆகவே முதலில் வேறொரு கூட்டத்தார் தமது மூதாதையரை எப்படித் தேடுகிறார்கள் என்று பார்ப்போம். பிறகு எம்மிடம் வருவோம்.

அமெரிக்கா பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், 1700 முதல் 1775 வரை, ஏறத்தாழ 84,500 ஜேர்மன் மொழி பேசுவோர் அங்கு போய்ச் சேர்ந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர் ஆரன் ஃபோகல்மனின் மதிப்பீடு. ரைன் நதியோரத்துப் பலற்றினேற், வூர்ட்டம்பேர்க், பாடன் போன்ற பகுதிகளின் விவசாயிகளும் கைவினைஞர்களுமே அவர்களில் அதிகம். அவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். "எமது முதல் ஆள் எந்தக் கிராமத்திலிருந்து, எந்தக் கப்பலில் வந்தார்?" என்று தேடுவது அவர்களில் பலருக்கு வாழ்நாள் வேலை.

அவர்களிடமும் எம்மைப் போலவே கதைகள் உண்டு. "மூன்று சகோதரர்கள் ஒன்றாகக் கப்பலேறி வந்தார்கள்" என்பது ஒன்று. "எமது முதல் ஆள் ஒரு பிரபுவின் மகன், காதலுக்காக ஊரைவிட்டு ஓடி வந்தவர்" என்பது இன்னொன்று. "எமது பெயரை எல்லிஸ் தீவு அதிகாரிதான் மாற்றி எழுதினான்" என்பது மூன்றாவது. எல்லிஸ் தீவில் குடிவரவு நிலையம் திறக்கப்பட்டதே 1892 இல். 1740 களில் வந்தவரின் பெயரை அங்கே யார் மாற்றியிருக்க முடியும்?

கதைகளை ஒதுக்கிவிட்டு உண்மையைத் தேடுவோர் ஒரு சட்டத்தைக் கடைப்பிடிக்கிறார்கள்: மேலிருந்து கீழே வரக்கூடாது, தன்னிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே போக வேண்டும். தனது பிறப்புப் பதிவு, தகப்பனின் திருமணப் பதிவு, பாட்டனின் காணி உறுதி, பூட்டனின் மரண சாசனம், தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவு என்று ஏறி ஏறித்தான் கப்பலுக்கு வர வேண்டும். ஒரு படி இல்லையென்றால் அங்கேயே நிற்க வேண்டும்.

கப்பலுக்கு வந்துவிட்டால் அவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் காத்திருக்கிறது. ஜேர்மானியர் இவ்வளவு பேர் வருகிறார்களே என்று பயந்த பென்சில்வேனியா நிர்வாகம், 1727 செப்டெம்பரில் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. கப்பல் தலைவன் பயணிகளின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் பிலடெல்பியாவில் இறங்கியதும் ஆங்கிலேய மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்து கையொப்பமிட வேண்டும். சந்தேகத்தினால் எழுதப்பட்ட அந்தப் பட்டியல்கள்தான் இன்று வம்சம் தேடுவோரின் பொக்கிஷம். அவற்றை ஸ்ட்ராஸ்பேர்கர், ஹிங்கே என்ற இருவர் 1934 இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். ஒரு தொகுதி முழுக்கக் கையொப்பங்களின் பிரதிகள்.

கப்பல் தலைவனின் ஆட்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதினார்கள். ஜேர்மன் பெயர் ஆங்கிலக் காதில் எப்படி விழும்? ஒரே மனிதன் இரண்டு பட்டியலில் இரண்டு பெயரோடு நிற்கிறான். ஆனால் எழுதத் தெரிந்தவன் சத்தியப் பத்திரத்தில் தன் கையால் தன் பெயரை எழுதியிருப்பான். அந்தக் கையொப்பத்தை முப்பது வருடங்களுக்குப் பின் அவன் எழுதிய மரண சாசனத்துக் கையொப்பத்தோடு ஒப்பிட்டு, "இவன்தான் அவன்" என்று உறுதிப்படுத்துகிறார்கள். எழுதத் தெரியாதவன் ஓர் அடையாளம் மட்டும் வைத்தான். பக்கத்தில் எழுதுவினைஞர் பெயரை எழுதினார்.

இன்னொரு சிக்கல் எமக்கு நன்றாகப் புரியும். அக்கால ஜேர்மன் குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் பலருக்கும் முதற்பெயர் ஜொஹான். ஜொஹான் ஜோர்ஜ், ஜொஹான் பீற்றர், ஜொஹான் ஆடம் என்று போகும். பெண்பிள்ளைகள் பலருக்கு முன்னால் அன்னா அல்லது மரியா. வீட்டில் கூப்பிடுவது இரண்டாவது பெயரால்தான். எமது வீடுகளில் மொஹமட்டும் பாத்திமாவும் முன்னால் நிற்பதைப் போல! இது தெரியாமல் "ஜொஹான் முல்லர்" என்ற பெயரைக் கண்டதும் "கிடைத்துவிட்டார்!" என்று துள்ளுபவர் பிறத்தியாரின் பாட்டனைத் தன் பாட்டனாக்கிவிடுவார். இதே முல்லர்தான் பிறகு ஆங்கிலத்தில் மில்லர் ஆனார். சிம்மர்மன் என்ற தச்சர் கார்ப்பென்டர் ஆனார்.

அனுபவமுள்ளவர்கள் ஒரு பெயரை மட்டும் பார்ப்பதில்லை. பட்டியலில் அதற்கு மேலும் கீழும் உள்ள பெயர்களையும் பார்க்கிறார்கள். ஊரார் கூட்டமாகத்தான் புறப்பட்டார்கள். பக்கத்துப் பெயர்கள் நான்கும் ஒரே கிராமத்துத் தேவாலயப் பதிவேட்டில் இருந்தால் ஐந்தாமவரின் ஊரும் அதுவாக இருக்கலாம். பிறகு மனைவியின் பெயர், பிள்ளைகளின் வயது, ஞானஸ்நானத்துக்குச் சாட்சி நின்றவர்கள் எல்லாம் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார்கள். சில பதிவேடுகளின் ஓரத்தில், "பென்சில்வேனியாவுக்குப் போய்விட்டார்" என்று பாதிரியார் குறித்து வைத்திருக்கிறார். 1710 இல் நியூயோர்க் வந்த 847 பலற்றினேற் குடும்பங்களை ஹென்றி ஜோன்ஸ் என்பவர் இப்படித்தான் கிராமம் கிராமமாகத் தேடி 1985 இல் நூலாக்கினார்.

சரி, தேடியவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது யார்? பிரபுவின் மகனா?

பெரும்பாலும் இல்லை. பிரெஞ்சுப் படைகள் எரித்த ஊரில், 1709 இன் கொடிய குளிரில் திராட்சைக் கொடி கருகிப்போன ஓர் ஏழை விவசாயிதான் கிடைக்கிறார். அவர்களில் பலர் ஊரைவிட்டுப் போவதற்கே பிரபுவுக்குப் பணம் கட்டி விடுதலைப் பத்திரம் எடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பயணத்தை 1750 இல் தானும் செய்து எழுதியவர் கொட்லீப் மிற்றல்பேர்கர். அவரும் எம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர். ரைன் நதியில் ஹொலண்ட் வரை 36 சுங்கச் சாவடிகள் இருந்ததாகச் சொல்கிறார். அந்த ஆற்றுப் பயணத்துக்கே நான்கு முதல் ஆறு வாரங்கள். பிறகு ரொட்டர்டாமில் கப்பல், இங்கிலாந்தின் கௌஸ் துறைமுகத்தில் தரிப்பு, அதன் பின் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் சமுத்திரம். கெட்டுப்போன தண்ணீர், புழுத்த ரொட்டி, காய்ச்சல். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தப்புவது அபூர்வம் என்கிறார். பாதிவழி தாண்டிய பின் கணவன் இறந்தால் அவனது கட்டணத்தையும் மனைவியே கட்ட வேண்டும். ஆட்கள் போகாமல் தடுக்கும் எண்ணத்தோடு எழுதியவர் என்பதால் அவர் சொன்னதைச் சற்று நிதானித்தே எடுக்க வேண்டும். ஆனாலும் அது கண்ணால் கண்டவரின் சாட்சி.

பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் 10 பவுண். கட்ட முடியாதவர் கப்பலைவிட்டு இறங்க முடியாது. வியாபாரிகளும் விவசாயிகளும் கப்பலுக்கே வந்து, கட்டணத்தைக் கொடுத்து, ஆளை மூன்று முதல் ஆறு வருட வேலைக்கு எடுத்துப் போனார்கள். பத்து, பதினைந்து வயதுப் பிள்ளைகள் 21 வயது வரை உழைக்க வேண்டும். தகப்பன் ஓரிடம், பிள்ளை இன்னோரிடம். பல வருடங்கள் முகம் பார்க்க முடியாது.

கொன்றாட் வைசர் என்பவரின் பெயர் பென்சில்வேனியா வரலாற்றில் பெரிது. 1709 இல் தாயை இழந்து, 1710 இல் தகப்பனோடு நியூயோர்க் வந்தபோது அவர் 13 வயதுச் சிறுவன். அவரது இரண்டு தம்பிமாரை ஆளுநரின் நிர்வாகம் லோங் தீவில் வேலைக்குக் கட்டி அனுப்பியது. தகப்பன் கொன்றாட்டை மோஹோக் பழங்குடியினரிடம் ஒரு குளிர்காலம் விட்டார். அங்கே கற்ற மொழியே பிறகு அவரை பென்சில்வேனியாவின் தலைமை மொழிபெயர்ப்பாளராக, சமாதானத் தூதராக ஆக்கியது. வம்சப் பெருமை அவருக்கு எதையும் கொடுக்கவில்லை. பசியோடு கற்றதுதான் கொடுத்தது.

வந்தவர்களை அங்கிருந்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? பெஞ்சமின் பிராங்க்ளின் போன்ற அறிஞரே 1751 இல் எழுதிய கட்டுரையில், இவர்கள் எமது மொழியைக் கற்கமாட்டார்கள், எம்மை ஜேர்மானியராக்கிவிடுவார்கள் என்ற கருத்தில் கடுமையாகச் சாடினார். "எம்மோடு ஒட்டமாட்டார்கள், பெருகிக்கொண்டே போகிறார்கள்" என்ற பேச்சு எமது காதுகளுக்குப் புதிதல்ல. இன்று அந்த மக்களின் சந்ததியை அமெரிக்கர் அல்ல என்று சொல்ல யாரும் இல்லை.

உண்மையான தேடல் கசப்பையும் காட்டும். 1723 அளவில் துல்பெஹோக்கன் பள்ளத்தாக்கில் குடியேறிய ஜேர்மானியர், லெனாபே மக்களிடமிருந்து அதுவரை வாங்கப்படாத நிலத்தில்தான் வீடு கட்டினார்கள். லெனாபே தலைவர் சசூனன் 1728 இல் முறையிட்டார். 1732 இல்தான் அது வாங்கப்பட்டது. துரத்தப்பட்டு வந்தவர்களே இன்னொருவர் காணியில் கால் வைத்தார்கள். மறுபக்கம், 1688 இலேயே ஜேர்மன்டவுன் என்ற ஊரில் நான்கு பேர் அடிமை முறைக்கு எதிராக மனு எழுதிக் கையொப்பமிட்டார்கள். மூதாதையரைத் தேடுபவர் இரண்டையும் ஏற்க வேண்டும்.

இனி எம்மிடம் வருவோம். எம்மோடு சம்பந்தமில்லாத கதை என்று நினைத்திருப்பீர்கள். அதே ரைன் நதியில் அதே ஹொலண்டுக்கு வந்த ஜேர்மானியர் எல்லோரும் அமெரிக்கக் கப்பல் ஏறவில்லை. நிறையப் பேர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியில் சிப்பாய்களாகச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வந்து இறங்கியது எமது இலங்கையில். எமது நாட்டுப் பறங்கியர் குடும்பங்கள் பலவற்றின் முதல் ஆள் ஒல்லாந்தர் அல்ல, ஜேர்மானியர். 1908 இல் தொடங்கப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தனது சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக இதையெல்லாம் பதிந்து வைத்தது. ஒரு சிறு சமூகம் செய்த வேலை அது.

நாம் என்ன செய்தோம்? 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் எமது பூர்வீகம் பற்றி எழுத, 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் பதில் எழுதினார். சமூகத்தின் அடையாளம் பற்றிய அந்த வாதம் அன்றைய அரசியலுக்குத் தேவையாக இருந்தது. ஆனால் நூறு வருடங்களுக்கு மேலாகியும் நாம் அந்த வாதத்தையே திருப்பிச் சொல்கிறோமே தவிர, ஒவ்வொரு குடும்பத்தின் படிகளையும் எழுதவில்லை. அரபு நாட்டிலிருந்து வந்த மூதாதை இருந்திருக்கலாம். ஆனால் அவரைக் கட்டிக்கொண்ட இந்த மண்ணின் பெண் யார்? அவரின் பெயர் எமது வரைபடத்தில் ஏன் இல்லை? பிலடெல்பியாவிலும் பெண்கள் சத்தியப் பத்திரத்தில் கையொப்பமிடவில்லை. அதனால் அவர்களைத் தேடுவது மிகக் கஷ்டம். தாய்வழிக் குடி முறை இன்னும் உயிரோடிருக்கும் கிழக்கிலாவது நாம் அந்தத் தவறைச் செய்யக்கூடாது.

இதைவிடப் பெரிய கவலை, இந்த வெறும் வரைபடங்களைக் காட்டி "நாங்க நல்ல குடும்பம், அவங்க என்ன?" என்று கலியாணப் பேச்சுகளை முறிப்பது. ஆதாரமில்லாத பெருமைக்காக ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுப்பது எந்த மார்க்கம்? ஹுஜுராத் சூராவின் 13ஆவது வசனத்தை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்!

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, இந்த வாரமே வீட்டிலுள்ள மூத்தம்மாவிடம் உட்காருங்கள். அவரின் உம்மாவின் பெயர், உம்மும்மாவின் பெயர், எந்த ஊர், யார் யாரோடு வந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்து வையுங்கள். அவர் மௌத்தானால் அந்தப் பதிவேடு மூடப்பட்டுவிடும்.

இரண்டு, பள்ளிவாசல் நிர்வாக சபைகள் பழைய கடுத்தப் பதிவுகளையும் ஜனாஸாப் பதிவுகளையும் கறையான் தின்னுமுன் படம் எடுத்துப் பாதுகாக்க வேண்டும். பலற்றினேற் யுத்தங்களில் எரிந்த பதிவேடுகளுக்காக அவர்களின் சந்ததி இன்றும் ஏங்குகிறது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்களுக்கும், 2004 சுனாமியில் எல்லாம் இழந்த எமது கரையோர மக்களுக்கும் அந்த ஏக்கம் என்னவென்று தெரியும். வாய்ப்புள்ள இளைஞர்கள் கொழும்பு தேசிய சுவடிக்கூடத்திலுள்ள ஒல்லாந்தர் காலத் தோம்புகளையும் தேடிப் பார்க்க வேண்டும்.

மூன்று, தெரியாத இடத்தில் கோடு போடாதீர்கள். வெற்றிடமாக விடுங்கள். பின்னால் வரும் ஒரு பேரப்பிள்ளை அதை நிரப்பட்டும். பொய்யால் நிரப்பினால் அந்தப் பிள்ளை தேடவே மாட்டாது.

எமது முதல் ஆளும் அநேகமாகப் பசியோடும் பயத்தோடும் ஒரு தோணியில் வந்தவராகத்தான் இருப்பார், அல்லது இந்த மண்ணிலேயே பிறந்து வயல் செய்தவராக இருப்பார். இரண்டிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவரை அவராகவே தேடிக் கண்டுபிடித்து, அவருக்காக துஆச் செய்வதுதான்.

உங்கள் மூத்தம்மாவிடம் கேட்டு எழுதியவற்றை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அல்லாஹ் போதுமானவன்.