கடனில் வந்த குடிநீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றில்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக்கற் பாறையின் இடுக்குகளிற் புகுந்து தங்குகின்றது. அந்நீரையே குடிக்கின்றோம், அதையே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கின்றோம், அதன் தலைமேலேயே மலசலகூடக் குழிகளையும் வெட்டி வைத்திருக்கின்றோம். குழிகளின் கசிவும் தோட்டத்திலிட்ட உரமும் கிணற்றிற் சேர்கின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் உவர் ஏறிவிட்டது. சுன்னாகத்துக் கிணறுகளிற் கழிவு எண்ணெய் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 இல் நட்டஈடு விதித்தமையும் யாவரும் அறிந்ததே. ஆகவே, குடாநாட்டுக்குக் குழாய்நீர் வேண்டுமென்பதில் எமக்கு ஐயமில்லை.

அக்குழாய்நீருக்கென ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இற் கடன் வழங்க இசைந்தது. பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகமும் சேர்ந்து கொண்டது. இதனை 'வெளிநாட்டு உதவி' என்று மேடைகளிற் கூறுவர். தானமும் கடனும் ஒன்றல்ல. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் தவணைகளை அரசாங்கம் நிறுத்தியபோது கூட, இவ்வங்கி போன்ற பலதரப்பு நிறுவனங்களுக்குரிய தவணைகள் நிறுத்தப்படவில்லை. 'உதவி' என்ற சொல்லின் நிறையை இதைக் கொண்டு அளந்து கொள்ளலாம்.

இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டை உயர்த்தி, அந்நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு வருவதே முதல் ஏற்பாடு. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். சிறுபோகத்திலே வயலின் ஒரு பகுதிக்குத்தானும் நீர் போதாதபோது, குடத்துக்கு எங்கிருந்து கொடுப்பது என்று அவர்கள் கேட்டதில் நியாயமில்லையா? பிரதேசப் பகையைக் கிளப்புகின்றனர் என்று சிலர் அவர்களை ஏசினர். அது அநீதியான பேச்சு. பத்திரத்திற் கையொப்பமிடுமுன் வரம்பிலே நின்று கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, கையொப்பத்தின் பின் கமக்காரரே வீதியில் நின்று கேட்க நேர்ந்தது.

பின்னர் கடலை நாடினர். தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டிற் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்லது. உப்புச் செறிந்த கழிவுநீர் கடலிற் சேர்ந்தால் மீன்வளம் என்னாகும் என்று அப்பகுதிக் கடற்றொழிலாளர் அஞ்சினர். கடன் இசைவுக்கும் நீருக்கும் இடையில் 14 ஆண்டுகள்!

கட்டடம் எழும்பிவிட்டது. இனி அதை நடத்துவது யார்? இவ்வகை நிலையங்களில் ஒரு கன மீற்றர் நீருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். முழு அளவில் இயங்கினால் நாளுக்கு 72,000 முதல் 96,000 அலகு வரை வேண்டும். மின்கட்டணமோ 2022 ஆகஸ்டிற் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியதைக் கண்டவர்கள் நாம். கட்டுவதற்குக் கடன் தருவோர் உண்டு. மாதாமாதம் வரும் மின்பட்டியலுக்குத் தருவோர் இல்லை. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நகரங்கள் பலவற்றிலே வெளிநாட்டுப் பணத்திலமைந்த பம்பிகள் துருப்பிடித்துக் கிடப்பதற்குக் காரணம் பொறியியலாளரின் அறியாமையன்று. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கப்படாமையே.

எனவே, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையை நாம் கேட்பது இது: தாளையடியில் ஒரு கன மீற்றர் நீருக்கு ஆகும் செலவு எவ்வளவு, கட்டணமாகத் திரும்புவது எவ்வளவு, குறையை ஈடுசெய்வது யார் என்பவற்றை ஆண்டுதோறும் தமிழிலே வெளியிடுக. எம்மிடையே கணக்காளர்க்கும் பொறியியலாளர்க்கும் சட்டத்தரணிகளுக்கும் குறைவில்லை. அவர்கள் அக்கணக்கை வாசித்துக் கமக்காரர்க்கும் விளக்குவாராக.

இன்னுமொன்று. திட்டத்தின் பெயரிலே சுகாதாரமும் இருந்தது. நகரத்துக்கென எண்ணிய கழிவுநீர்க் குழாய் அமைப்போ இடைவழியிற் கைவிடப்பட்டது. குழாய்நீர் பெருகக் கழிவுநீரும் பெருகும். அதுவும் பழைய குழிகளின் வழியே தோட்டக்காரனின் கிணற்றுக்குத்தான் போகும். அடுத்த கடனுக்கு ஆட்சியாளர் பேனா எடுக்குமுன், அக்குழிகளைப் பற்றிய பக்கத்தை முதலில் எழுதட்டும்.