சொல்லும் பொருளும்: வின்காவும் வின்ச்சாவும்

இரு பெயர்கள் ஒத்துத் தோன்றுமாயின் அவற்றை உறவினவாகக் கொள்வது எளிது; ஆராய்ந்து வேறுபிரிப்பதே அரிது. இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பெயர் இதற்கு நல்ல சான்றாகும்.

சேர்பியாவின் தலைநகராகிய பெல்கிறேட்டுக்கு அண்மையில், தன்யூப் நதிக்கரையில், வின்ச்சா என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள மண்மேட்டினை 1908ஆம் ஆண்டில் மிலோயே வாசிச் என்னும் அறிஞர் அகழத் தொடங்கினார். ஏறக்குறைய ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புதிய கற்கால மக்களின் வீடுகளும், மட்கலங்களும், சுடுமண் உருவங்களும் வெளிப்பட்டன. செம்பை உருக்கவும் அம்மக்கள் கற்றிருந்தனர். ஊரின் பெயரே அவர்தம் பண்பாட்டிற்கும் பெயராயிற்று. அதனை உரோம எழுத்தில் எழுதுவோர் நான்காம் எழுத்தின் மேல் ஒரு சிறு குறி இடுவர். அக்குறியை விடுத்தால், வின்கா என்னும் செடியின் பெயராகிவிடும்!

செடியின் பெயரோ வேறு வழி வந்தது. கட்டுதல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே அதற்கு மூலம் என்பர். நீண்டு படரும் அதன் தண்டுகள் மாலை கட்ட ஏற்றவை. ஐரோப்பாவில் வளரும் அச்செடிகளுக்கு 1753இல் லின்னேயசு இப்பெயரை இனப்பெயராக வழங்கினார். நம் முற்றங்களிற் பூக்கும் பட்டிப்பூவையும், அதாவது நித்தியகல்யாணியையும், 1759இல் அவ்வினத்திலேயே சேர்த்தார். மடகாஸ்கார்த் தீவிற்குரிய அச்செடி வேறினத்தது எனக் கண்ட பிற்காலத்தார் அதனைக் கதராந்தசு என்னும் இனத்துக்கு மாற்றினர்.

எனினும் பழம்பெயர் மறைந்திலது. 1958இல் கனடாவில் நோபிள், பீர் என்னும் அறிஞர் இருவர் பட்டிப்பூச் செடியிலிருந்து பிரித்தெடுத்த மருந்து வின்பிளாஸ்டீன் எனப்படும். அதே செடி தந்த வின்கிறிஸ்டீன், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தீர்க்க இன்றும் உதவுகின்றது. தாவரவியலார் கைவிட்ட பெயரை மருத்துவம் காத்து நிற்கின்றது.

இல்லத்தார்க்கு ஒன்று கூறவேண்டும். மருந்து தரும் செடியாயிற்றே என்று அதன் இலையை மெல்லுதலும் அவித்துக் குடித்தலும் ஆகா. செடி நச்சுத்தன்மை வாய்ந்தது. மருந்தோ தூய்மையாக்கப்பட்டு, அளவறிந்து, மருத்துவராற் குருதிநாளத்தில் ஏற்றப்படுவது. செடியும் மருந்தும் ஒன்றெனக் கருதுவது உயிருக்கே கேடாகலாம்.

மாணவர்காள், பெயரொற்றுமை கண்டவிடத்து உறவு கற்பிக்க விரையாதீர். அப்பெயர் எங்கே பிறந்தது, யார் இட்டது, எதனைக் குறித்தது என மூன்றையும் வினவுங்கள். விடை கிடைத்த பின்னரே முடிவு கூறுதல் அறிவுடைமையாகும்.