கையெழுத்துக்கு எதற்குக் கால அவகாசம்?

ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க பதவியேற்று 2025 செப்டெம்பரோடு ஓராண்டு முடிந்தது. எங்கள் யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் அவரைப் பற்றிய கதை எடுபடாத வீடு இல்லை. பக்கத்து வீட்டு ஆசிரியத் தம்பி 2024 தேர்தலில் ஜனாதிபதியின் கட்சிச் சின்னமான திசைகாட்டிக்காகப் படலை படலையாக ஏறி இறங்கியவர். "அன்ரி, சுதந்திரம் கிடைச்ச எழுபத்தாறு வருசத்து ஊத்தையை ஒரு வருசத்திலை கழுவேலுமோ? கொஞ்சம் அவகாசம் குடுங்கோவன்" என்பார். என் மைத்துனருக்கு, அதாவது கணவரின் தம்பிக்கு, அது காதில் விழுந்தாலே போதும். 2006இல் உயர் நீதிமன்றம் போய் வடக்கையும் கிழக்கையும் பிரித்து வைத்தது அநுரவின் ஜே.வி.பி.தானே, அவர்களாவது மாறுவதாவது என்று எழும்பிவிடுவார்.

இருவருக்கும் உள்ளது ஒரே கேள்விதான்: இந்த மனிதர் நல்லவரா, இல்லையா? கச்சேரியின் காணிக் கிளையிலேயே தலை நரைத்த எனக்கு அந்தக் கேள்வியில் பெரிய அக்கறை இல்லை. தங்கமான அதிகாரிகள் ஒப்பமிட்ட அநியாயமான கடிதங்களையும் கோப்பில் சேர்த்திருக்கிறேன், வாயைத் திறந்தால் ஏச்சு மட்டுமே வரும் ஒருவர் ஏழைக் குடும்பத்துக்குக் காணிப் பத்திரம் கிடைக்கப் போட்ட கையெழுத்தையும் பார்த்திருக்கிறேன். ஆளைவிடக் கையெழுத்தைப் பார்ப்பது என் தொழில் பழக்கம்.

2024 கார்த்திகையில் நானும் திசைகாட்டிக்குத்தான் புள்ளடி போட்டேன். அதில் எனக்குக் கவலை கிடையாது. யாழ்ப்பாணத்து ஆட்கள் ஜனாதிபதித் தேர்தலில் யாரோ ஒருவரை விழுத்தவே வாக்களித்து வந்தவர்கள். 2010இல் அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவைத் தோற்கடிக்க, போரை நடத்திய இராணுவத் தளபதிக்கே போட்டோம். 2015இல் மைத்திரிபால, 2019இல் சஜித். 2024 செப்டெம்பரில் யாழ். மாவட்டத்தில் அநுரவுக்கு விழுந்தவை 27,086 வாக்குகள். இரண்டு மாதம் கழித்துப் பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு 80,830, ஆறில் மூன்று ஆசனம். தமிழ்க் கட்சிகளின் குத்துவெட்டுச் சலிப்பும் அதில் பாதி இருக்கும், ஆனால் மற்றப் பாதி எதிர்பார்ப்புத்தான்.

கொடுக்க வேண்டிய புள்ளியைக் கொடுத்துவிடுகிறேன். ரணில் விக்கிரமசிங்க 2025 ஓகஸ்டில் கைதானார். முன்னாள் ஜனாதிபதி ஒருவர் கைதாவதை இந்த நாடு அதற்கு முன் கண்டதில்லை. மகிந்த 2025 செப்டெம்பரில் விஜேராம அரச இல்லத்தை விட்டு வெளியேறினார். டொலர், கடன், சம்பளம், விலைவாசி எல்லாம் பணத்தோடும் சர்வதேச நாணய நிதியத்தோடும் கட்டுப்பட்டவை. அவற்றுக்குத் தம்பி கேட்கும் அவகாசம் நியாயமானதே.

என் வழக்கு வேறு. பணம் தேவைப்படாத, வெறும் கையெழுத்தோடு முடியக்கூடிய காரியங்களுக்கும் ஏன் அதே அவகாசம் கேட்கிறார்கள்?

2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானியை எடுத்துக்கொள்வோம். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,941 ஏக்கர். யாழ்ப்பாணத்தில் மட்டும் 3,669, மிச்சம் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னாரில். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்பது அதன் சாரம். அந்த மூன்று மாதம் என்பது என்னவென்று கருமபீடத்தில் இருந்தவளுக்குத் தெரியும். உறுதியைத் தேடி வருபவர்கள் கையில் அநேகமாக உறுதி இருக்காது. 1990இல் ஓடியபோது ஒரு பெட்டி போனது, 1995இல் இன்னொன்று, வன்னியில் மிச்சமும். முடித்த நொத்தாரிசின் பெயரையோ, எல்லைக்கு நின்ற பனையையோ சொல்லுவார்கள். ஒரு முதியவர் தன் கலியாணப் படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பின்னால் தெரியும் திண்ணையும் தூணும்தான் அவருடைய அத்தாட்சி. இப்படியானவர்களின் பிள்ளைகளில் பாதிப்பேர் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, மூன்று மாதத்தில் யார் வந்து எதை நிறுவுவது? வழக்குப் போட்டார்கள், கூட்டம் போட்டார்கள், பாராளுமன்றத்தில் சத்தம் போட்டார்கள். ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகு வர்த்தமானி மீளப் பெறப்பட்டது.

தெற்கில் இது சின்னச் செய்தி. எனக்கோ, இந்த ஓராண்டில் மிகப் பெரிய செய்தி இதுதான். அந்த வர்த்தமானி பழைய ஆட்சி விட்டுச் சென்றதல்ல, எழுபத்தாறு வருடக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

வீதிக் கதையும் அப்படியே. அச்சுவேலி–பலாலி வீதியின் இராணுவம் மூடி வைத்திருந்த பகுதி 2024 நவம்பர் 1ஆம் திகதி திறந்தது, பாராளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு கிழமை இருக்கையில். வசாவிளான் சந்தியிலிருந்து பலாலி போகும் வீதி 2025 ஏப்ரல் 10இல், உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது. அதுவும் திறந்த அன்றே நிபந்தனைகள்: காலை 6 முதல் மாலை 5 வரை மட்டும், நடந்து போகக் கூடாது, இடையில் வாகனத்தை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. "வருசா வருசம் தேர்தல் வைச்சால் ஊர் முழுக்கத் திறந்திடுவாங்கள்" என்று மைத்துனர் பகிடி விட்டார். பகிடி என்றாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பக்கமும் செம்பாட்டு மண், உழுது நட வேண்டிய நிலம், அதன் சொந்தக்காரர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் தங்கள் வளவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்றார்கள். ஓராண்டு முடிந்தும் அந்த 1979ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை. சரி, புதுச் சட்டம் எழுத நாள் செல்லும். பழையதைப் பாவிக்காமல் விட எவ்வளவு நாள் செல்லும்? அதன் கீழான தடுப்புக்காவல் உத்தரவில் கையெழுத்திட வேண்டியவர் பாதுகாப்பு அமைச்சர், அந்த அமைச்சும் ஜனாதிபதியின் கையில்தான். வட மாகாண சபை 2018 ஒக்டோபரில் கலைந்தது, அதன் பிறகு ஆளுநரின் ஆட்சி. எல்லை நிர்ணயத்தில் சிக்கிய மாகாண சபைத் தேர்தலைப் பழைய முறையில் நடத்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் போதும், சாதாரண பெரும்பான்மையில் நிறைவேறும். அவரிடம் இருப்பதோ 225இல் 159.

ஆகவே, ஆதரிப்பதா விடுவதா? அவரைப் பலவீனப்படுத்தினால் மகிந்தவின் மகன் நாமல் வந்துவிடுவார் என்று தம்பி பயங்காட்டுகிறார். 159 ஆசனத்தோடு இருக்கும் ஒருவர் எங்கள் முணுமுணுப்பில் கவிழ்ந்துவிட மாட்டார். 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்து ஆட்கள் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். நவம்பரில் கொடுத்ததில் ஒரு பங்கை ஆறு மாதத்தில் திருப்பி எடுத்தார்கள், அரசாங்கம் விழவில்லை. அதன் பிறகே வர்த்தமானி மீளப் பெறப்பட்டது. வழக்கும் தடையும் முக்கிய காரணம், வாக்குக்கும் அதில் பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மைத்துனரோடு நான் முரண்படுவதும் இந்த இடத்தில்தான். போன ஜனாதிபதிகள் சிலர் தடையுத்தரவு வந்தாலும் வேறு வாசலால் அதே காணிக்குள் வந்தவர்கள். இவர் தள்ளினால் நகருகிறார். நகருகிறவரைக் கைதட்டி ஒரே இடத்தில் இருத்திவிடக் கூடாது. மாகாண சபைத் திருத்தம் பாராளுமன்றத்துக்கு வரும் நாள் வரை என் வாக்கு யாருக்கும் பதியப்படவில்லை. வலிகாமம் வடக்கில் இராணுவத்திடம் உள்ள எந்தக் காணி எப்போது விடுபடும் என்று திகதி போட்ட பட்டியல் ஒன்று வெளிவந்தால், துண்டுப்பிரசுரம் கொடுக்க நானும் தம்பியோடு கூடப் போவேன்.