ஒரே துப்பாக்கிக்கு இரண்டு ஜோடிக் குழல்கள் தேவைதானா?



சிறுதோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறார்: "ஐயா, என்னிடம் உரிமம் பெற்ற 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. சுட்டால் தோளில் பலமாக உதைக்கிறது. அதே துப்பாக்கிக்கு 20 போர் குழல் ஒரு ஜோடி தனியாக வாங்கி, வேண்டும்போது மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். வாங்கலாமா?"

"நம் வீட்டில் துப்பாக்கி இல்லையே, நமக்கெதற்கு இந்தப் பேச்சு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். செம்பனைக் கன்றைப் பன்றி தோண்டுகிறது என்று சுடுகிறவர் ஒருவர்தான். ஆனால், விடியற்காலையில் அந்த வழியாகப் பெரட்டுக்கு நடக்கிறவர்கள் நாம் எல்லாரும். ஆகவே எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் 'போர்' என்றால் என்ன? எண் கூடினால் குழல் சிறுக்கும். இது பலருக்கு விந்தையாகத் தோன்றும். ஒரு ராத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டுங்கள். அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். அதே ஈயத்தை 20 உருண்டைகளாக்கினால் உருண்டை சிறுத்துவிடும் அல்லவா? அதற்குப் பொருந்துவது 20 போர். உள்விட்டம் 12 போருக்கு ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர், 20 போருக்கு 15.6, 28 போருக்கு 14. '410' என்பது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் 410 பங்கு, அதாவது 10.4 மில்லிமீட்டர்.

இப்போது வாசகரின் ஆசைக்கு வருவோம். சிறிய குழல் போட்டால் துப்பாக்கி இலேசாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை. முதலிலிருந்தே 20 போராகச் செய்யப்பட்ட துப்பாக்கியில் உடல், பூட்டு, கட்டை எல்லாமே சிறியவை. அதனால் அது கைக்கு இலேசு. 12 போர் உடலில் 20 போர் குழலைப் பொருத்தினால் உடல் பழைய கனமான உடல்தான். அதோடு தோட்டாவைக் குத்தும் ஊசிகள் இரண்டும் அதே இடத்தில் இருப்பதால், இரண்டு துளைகளின் நடுப்புள்ளிகளையும் அதே இடைவெளியில்தான் வைக்க வேண்டும். வெளிச்சுற்று பெரிது, உள்துளை சிறிது என்றால் இரும்பு தடிக்கும். ஆகவே பல நேரங்களில் சிறிய குழல் போட்ட துப்பாக்கி முன்னைவிடக் கனக்கும். குலை அறுக்கும் கழியை அப்படியே வைத்துக்கொண்டு அரிவாளை மட்டும் சிறியதாக மாட்டினால் தோள்வலி தீருமா? அதைப் போலத்தான் இதுவும்.

ஆனால் உதை குறையும் என்பது உண்மையே. ரவை குறைவு, துப்பாக்கி கனம். ஆகவே தோளில் விழும் அடி தணியும். அதற்காக ஒரு ஜோடிக் குழலுக்குப் பணம் கொட்ட வேண்டுமா? 12 போரிலேயே குறைந்த ரவைத் தோட்டாக்கள் கிடைக்கின்றன. ஒலிம்பிக் போட்டியில் சுடுகிறவர்கள் 12 போரில் 24 கிராம் ரவைத் தோட்டாவைத்தான் பயன்படுத்துகிறார்கள். பழகுவதற்கு அது போதும். கட்டையின் பின்புறத்தில் ரப்பர் மெத்தை ஒன்று பொருத்தினால் உதை இன்னும் தணியும். நாம் வெட்டும் பால் அதற்கும் உதவுகிறது பாருங்கள்!

அப்படியானால் இந்த உதிரிக் குழல்கள் யாருக்காக? அமெரிக்காவில் 'ஸ்கீட்' என்னும் களிமண் தட்டுச் சுடும் போட்டி உண்டு. அதில் 12, 20, 28, 410 என்று நான்கு அளவுக்கும் தனித்தனிப் பந்தயம் வைப்பார்கள். நான்கிலும் ஒரே கட்டை, ஒரே விசை, ஒரே கனம் என்றிருந்தால் கைப்பழக்கம் கெடாது. அவர்களுக்குக் கனமும் குறையாகத் தெரியாது. துப்பாக்கி நிதானமாக நகர அது உதவும். அவர்களிலும் பலர் தனிக் குழல் வாங்குவதற்குப் பதிலாக, 12 போர் குழலுக்குள் செருகும் மெல்லிய உட்குழலைப் பயன்படுத்துகிறார்கள். பந்தயக்காரருக்கு இது பொருத்தம். பன்றி விரட்டுகிற சிறுதோட்டக்காரருக்கு அந்தத் தேவை இல்லை.

பன்றி என்றதும் இன்னொன்று. அதே பருமனுள்ள ரவையை 20 போர் தோட்டாவில் அடைத்தால் எண்ணிக்கை குறையும். குறைந்த ரவை பட்ட பன்றி விழாமல் ஓடக்கூடும். காயம்பட்ட பன்றி புதருக்குள் படுத்திருக்க, காலையில் பால் வெட்டப் போகிற பெண்மணி அதன் எதிரே போய் நின்றால் என்ன ஆகும்? தோள்வலிக்கு மருந்து தேடி அடுத்தவர் உயிருக்கு உலை வைக்கக் கூடாது.

பொருத்துவதும் எளிதல்ல. ஒரு துப்பாக்கியின் குழலைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் சேராது. குழலின் அடியில் இருக்கும் கொக்கியும் உடலில் இருக்கும் அச்சும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். இங்கிலாந்தில் தேர்ந்த கைவினைஞர்கள் விளக்குக் கரியைப் பூசி, கரி எங்கே ஒட்டுகிறது என்று பார்த்துப் பார்த்து அரத்தால் தேய்த்துப் பொருத்துவார்கள். பிறகு கூடுதல் மருந்து போட்டு வெடித்துச் சோதித்து முத்திரை குத்துவார்கள். பர்மிங்ஹாம் நகரில் 1813ஆம் ஆண்டு முதல் இதற்கென்றே ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. பட்டறையில் யாரோ ராவிப் பொருத்திக் கொடுக்கும் குழலை முகத்தருகே வைத்துச் சுடுவது, வெடிகுண்டைக் கன்னத்தில் வைத்துக்கொள்வதற்குச் சமம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. இதை மட்டுமாவது மறக்காதீர்கள். 20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போர் குழலில் போட்டால், அது பின்வாயில் நிற்காமல் உள்ளே வழுக்கிப்போய்ச் சற்றுத் தூரத்தில் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் வெடிக்காது. "தோட்டா போடவில்லை போலிருக்கிறது" என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும். கைவிரல் போகும், கண் போகும், உயிரும் போகலாம். இதற்காகவே 20 போர் தோட்டாவுக்குப் பெரும்பாலும் மஞ்சள் நிறம் கொடுக்கிறார்கள். ஆனால் இரவில், அவசரத்தில், மங்கிய விளக்கில் நிறம் தெரியுமா? ஒரே வீட்டில் ஒரே துப்பாக்கிக்கு இரண்டு வகைத் தோட்டா வைப்பவர் இந்த ஆபத்தைக் காசு கொடுத்து வாங்கி வைக்கிறார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் உறுப்புகளும் ஆயுதமாகவே கருதப்படுகின்றன. "வெறும் குழல்தானே" என்ற சமாதானம் அங்கே எடுபடாது. அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருப்போருக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் சிறையும் பிரம்படியும் விதித்திருக்கிறது. ஆகவே முதலில் போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலமான அனுமதி. அதன் பிறகே கடை.

என் பதில் இதுதான்: வாசக அன்பரே, வாங்க வேண்டாம். இருக்கும் துப்பாக்கிக்கு ரப்பர் மெத்தை போடுங்கள். பழகுவதற்குக் குறைந்த ரவைத் தோட்டாவை வாங்குங்கள். கட்டை உங்கள் கை நீளத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற கடைக்காரரிடம் பாருங்கள். அதற்குப் பிறகும் தோள் தாங்கவில்லையென்றால், பன்றி விரட்டும் பொறுப்பைத் தாங்கக்கூடியவரிடம் விட்டுவிடுங்கள். மிச்சமாகும் பணத்தில் கன்றுகளைச் சுற்றி நல்ல வேலி போடலாம். வேலி தவறி வெடிப்பதில்லை.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் காட்டுப் பாதையில் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி விளையாடுவார்கள். எல்லாக் கூடும் வெறும் கூடு என்று நம்பிவிடக் கூடாது. கண்டால் தொடாதே, ஓடிவந்து பெரியவர்களிடம் சொல் என்று இன்றிரவே சோறு போடும்போது சொல்லிவையுங்கள். பள்ளியில் நானும் சொல்கிறேன். இரண்டு பேர் சொன்னால் பிள்ளைகள் மனத்தில் நிற்கும்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.