நைட்டிக்கு மேல் ஒரு துண்டு

எங்கள் ஊர் கனகசெட்டிக்குளம், புதுச்சேரியின் வடக்கு எல்லை. ஈ.சி.ஆர். ஓரம் அரை மணி நேரம் நின்றால் எல்லா உடையையும் பார்த்துவிடலாம். கைலியை மடித்துக் கட்டி பைக்கில் மீன் வாங்கப் போகிறவர். பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட நைட்டிக்கு மேல் துண்டு போட்டு வருகிற பெண். சனி, ஞாயிறில் சென்னையிலிருந்து அரைக்கால் சட்டையோடு வந்து டீக்கடையில் இறங்கும் இளைஞர்கள். இவர்களில் ஒருவரைப் பற்றித்தான் நம் வயதுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கைலியும் வீட்டில் படுக்கக் கட்டுகிற துணிதான். அதோடு பஸ்ஸில் ஏறினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நைட்டி கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிறது. புடவையில் தெரியும் இடுப்புகூட அதில் தெரியாது. பிறகு என்ன குறை? 'படுக்கிற துணி' என்ற பேர் ஒன்றுதான்.

ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலப்பள்ளி என்று ஒரு மீனவக் கிராமம். 2018இல் ஊர்ப் பெரியவர்கள் கூடி, காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை பெண்கள் நைட்டியோடு வெளியே வரக்கூடாது, மீறினால் 2,000 ரூபாய் அபராதம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசாம்! சீனாவிலும் இந்தக் கூத்து உண்டு. சுஜோ என்ற நகரத்தில் 2020 ஜனவரியில், பைஜாமாவோடு தெருவுக்கு வந்த ஏழு பேரின் படங்களை அதிகாரிகளே இணையத்தில் போட்டு அவமானப்படுத்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார்கள்.

உடையால் வாசலில் நிறுத்தப்படுவது என்றால் என்ன என்று புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1873இல், வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை காலில் பூட்ஸ் போட்டு நீதிமன்றம் போனதற்காகத் தடுக்கப்பட்டார். அவர் பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்று வந்தார். பின்னாளில் லாப்போர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் 'கதவு' என்று பொருள். 2014இல் சென்னையில் கிரிக்கெட் சங்க கிளப் ஒன்றில், வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனையே உள்ளே விடவில்லை. நாமெல்லாம் கொதித்தோம். அதே ஆண்டு தமிழக சட்டசபையில் வேட்டிக்காகச் சட்டமே வந்தது. வேட்டிக்குக் கொதித்த நாம் நைட்டியைக் கண்டால் முகம் சுளிப்பது என்ன நியாயம்?

இதை வெறும் பேச்சுக்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி. மகன் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டான். "நைட்டியோட ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்று அந்த அம்மா புடவை தேடி, கட்டி, கொசுவம் சரிசெய்து கிளம்ப இருபது நிமிடம் ஆகிவிட்டது. பிழைத்துக்கொண்டார், கடவுள் புண்ணியம். ஆனால் மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அந்த இருபது நிமிடத்தைத் தின்றது வலி அல்ல, நம்முடைய முணுமுணுப்பு.

எங்கும் எதையும் போடலாம் என்று நான் சொல்லவில்லை. கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் அதற்கேற்ற துணி உண்டு. ரயிலில் இரவு 10 முதல் காலை 6 வரை தூங்கும் நேரம் என்று ரயில்வேயே வைத்திருக்கிறது. அப்போது நைட்டியோ கைலியோ கட்டிப் படுப்பதுதான் இயல்பு. ஆனால் கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டி, வெறும் உடம்போடு, எதிர் சீட்டில் குடும்பம் இருக்கும்போது காலை நீட்டுகிறவரை நான் ஆதரிக்க மாட்டேன். துணி சுத்தமாக இருக்க வேண்டும், உடம்பை மூட வேண்டும், பக்கத்தில் இருப்பவரைக் கூச வைக்கக்கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இது ஒரே அளவுகோலாக இருக்கட்டும். அதற்குமேல் அவரவர் வசதி.

நம் வீட்டுப் பெண்களிடம் இன்றைக்கே ஒன்று சொல்லி வைப்போம். ராத்திரியில் உடம்புக்கு ஏதாவது என்றால் போட்டிருக்கிற துணியோடு கிளம்புங்கள். வேண்டுமானால் மேலே ஒரு துண்டு போதும். டாக்டர் நாடி பார்ப்பார், புடவை பார்க்க மாட்டார்.