நம்பாதவரின் இறுதி விருப்பம்: பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள்



தெய்வத்தினிடத்து நம்பிக்கை இல்லாதவர்களாயினும், மனித வாழ்வின் மேன்மையிலும் மனிதனுக்கு மனிதன் ஆற்றக் கடமைப்பட்ட தொண்டிலும் அசையாத சிரத்தை உடையவர்களாய் வாழ்ந்து வருகிற சிலராகிய நாங்கள், மாதந்தோறும் ஒரு வாசகசாலையின் மாடியில் கூடிப் பேசி, நெடுநாள் ஆலோசனைக்குப் பிறகு இவ்விண்ணப்பத்தைத் தங்கள் முன் சமர்ப்பிக்கிறோம். எங்களுள் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நெசவாளர்களும் மருத்துவத் தாதியரும் அச்சகத் தொழிலாளரும் இருக்கிறார்கள். எங்களிற் பலருடைய வீடுகளில் வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றி வழிபடுகிற தாய்மாரும் மனைவியரும் உண்டு. ஐந்து வேளைத் தொழுகை தவறாத மாமனாரும், ஞாயிறு ஆராதனைக்குச் செல்லும் மருமக்களும் உண்டு. ஆகவே அயலாரை நோக்கி எழுதுகிறோம் என்ற எண்ணம் எங்களுக்கு இல்லை.

இதை எழுதும்படி எங்களைத் தூண்டியது ஒரு சாவு வீடு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், தம் உடலை மருத்துவக் கல்லூரி மாணவரின் படிப்புக்கு அளித்துவிட வேண்டும், சடங்கு எதுவும் வேண்டா என்று தம் கைப்பட எழுதி, மகனையும் மருமகளையும் சாட்சிக் கையொப்பம் இடச் செய்து, நிம்மதியாக இருந்தார். அவர் கண்மூடிய அன்று காலையில், உடற்கூறியல் துறைக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லி, வண்டியும் புறப்பட்டுவிட்ட நேரத்தில், பங்காளிகள் வந்து சேர்ந்தார்கள். கொள்ளி வைக்காமல் அனுப்பினால் வம்சம் விளங்குமா, நாளைக்கு எங்கள் வீட்டுப் பெண்ணை எவன் கட்டுவான், ஊர் என்ன பேசும் என்று அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அழுது களைத்திருந்த அந்த மகனால் விடை சொல்ல இயலவில்லை. நீர்மாலை எடுத்தார்கள், நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள், பேரப் பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம் கொடுத்தார்கள், வாய்க்கரிசி இட்டார்கள். சங்கு ஊதிக்கொண்டிருக்கையில், அந்தக் கடிதம் நான்காக மடிந்தபடி மகனுடைய சட்டைப் பையிலேயே இருந்தது.

அந்தப் பங்காளிகளைக் கொடியவர்கள் என்று நாங்கள் ஒருபொழுதும் சொல்லமாட்டோம். இறந்தவரின் ஆத்மா கதியற்று அலையக்கூடாதே என்ற மெய்யான பதைப்பே அவர்களை அவ்வாறு செய்வித்தது என்பதை அறிவோம். ஆனால் இதே நிகழ்ச்சியைத் திருப்பி வைத்து எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். வாழ்நாள் முழுவதும் சிவபூஜை செய்த தந்தை ஒருவர், தமக்குத் திருவாசகம் ஓதி முறைப்படி கிரியை நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு இறந்திருக்க, நாஸ்திகனாகிய மகன் தன் கொள்கையைக் காரணம் காட்டி அதை மறுத்துவிடுவானாகில், அவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ அதையேதான் நாங்களும் நினைப்போம். அவன் தானே கொள்ளி எடுக்க மனம் ஒப்பாவிட்டால், தம்பியையோ சிற்றப்பன் மகனையோ முன்னிறுத்தி, ஓதுவாரை அழைத்துவந்து, செலவையும் ஏற்று, ஒரு குறையும் இன்றி எல்லாம் நிறைவேறும் வரையில் கைகட்டி நிற்க வேண்டுவது அவன் கடமை. இறந்தவர் வாய் திறந்து பேச இயலாதவர். அவர் சொல்லிச் சென்ற சொல்லே அவருக்கு மிஞ்சியிருக்கும் உடைமை.

மதச்சார்பற்ற மனிதநேயம் என்று நாங்கள் கொண்டிருப்பது புதுமையான மதமும் அன்று, மதங்களை ஒழிக்கப் புறப்பட்ட படையும் அன்று. இவ்வுலகத்துத் துன்பத்தை இவ்வுலகத்து முயற்சியால் குறைக்கலாம், எது நன்று எது தீது என்பதை அதனால் மக்களுக்கு விளைகிற பயனைக் கொண்டு ஆராய்ந்து துணியலாம், அந்த ஆராய்ச்சியில் நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே பந்தியில் அமரலாம் என்பதே அதன் சாரம். பசித்தவனுக்குச் சோறிடுவதற்குக் கடவுளின் ஆக்ஞை ஒருவரைத் தூண்டலாம். இன்னொருவரை அவன் முகவாட்டமே தூண்டலாம். இலையில் விழுகிற சோறு ஒன்றுதான். 1867-ஆம் ஆண்டு வடலூரில் இராமலிங்க அடிகள் மூட்டிய தருமச்சாலை அடுப்பு, சாதியும் சமயமும் கேளாமல் இன்றளவும் எரிந்துகொண்டிருப்பதைக் காணும்பொழுது, அருட்பெருஞ்ஜோதியைத் தொழாத எங்களுக்கும் நெஞ்சம் நெகிழ்கிறது. கருணையின் பாடத்தை மக்கட்குலம் பெரும்பாலும் மதங்களின் மடியில் இருந்தே கற்றது என்பதை நன்றியோடு ஒப்புகிறோம்.

நம்புகிறவரையும் நம்பாதவரையும் ஒன்றாக ஏற்கும் விஷயத்தில் இந்நாட்டின் அரசியல் சட்டம் எவ்வளவு பக்குவத்தோடு நடந்துகொண்டது என்பதை நம்மிற் பலர் மறந்திருக்கிறோம். 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள், அரசியல் நிர்ணய சபை முகவுரையை எடுத்துக்கொண்டபொழுது, ஹெச்.வி. காமத் என்னும் உறுப்பினர், கடவுளின் பெயரைச் சொல்லி அம்முகவுரை தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொணர்ந்தார். அவர் தூய பக்தியினாலேயே அதைக் கொணர்ந்தார். அதை எதிர்த்தவர்கள் எல்லாம் நாஸ்திகர்கள் என்று கருதினால் பெரும் பிழையாகும். திருவிதாங்கூரைச் சேர்ந்த பட்டம் தாணுப்பிள்ளை, நம்புவதற்கும் நம்பாமலிருப்பதற்கும் மனிதனுக்கு உரிமை உண்டு, இத்திருத்தமோ நம்பிக்கை விஷயத்தில் நிர்ப்பந்தமாய் முடியும் என்று வாதித்தார். அவர் தம்மைத் தெய்வ நம்பிக்கை உடையவராகவே சொல்லிக்கொண்டவர். பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு, உள்ளத்தின் மிகப் புனிதமான உணர்ச்சியைச் சபை விவாதத்திற்கு இழுத்துவந்ததற்கே வருந்தினார். கடவுளை வாக்கெடுப்புக்கு விட்டு எங்களைச் சங்கடத்தில் ஆழ்த்தாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். இதற்கிடையே அஸ்ஸாமைச் சேர்ந்த ரோகிணி குமார் சௌதரி, காமாக்கியா தேவியின் நாட்டிலிருந்து வந்த தமக்குக் கடவுளை மட்டும் சொல்வது போதாது, தேவியின் பெயரையும் சொல்ல வேண்டாமா என்று எழுந்தார்.

அந்த ஒரு குறுக்கீட்டில் எங்களுடைய வாதம் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது என்று சொல்லலாம். எந்தக் கடவுள், எந்தப் பெயர், எந்த வடிவம் என்ற வினா எழுந்த மாத்திரத்தில், ஆஸ்திகர்களுக்குள்ளேயே பிரிவு தோன்றிவிடுகிறது. அப்பொழுது எந்த ஒரு பெயரை அரசு ஏற்றாலும், வேறு பெயர் சொல்லித் தொழுகிறவன் தன் சொந்த நாட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுகிறான். வாக்கெடுப்பில் 41 பேர் ஆதரிக்க, 68 பேர் எதிர்க்க, திருத்தம் தோற்றது. இந்திய மக்களாகிய நாம் என்றே முகவுரை நின்றது. ஆனால் அச்சபை, பக்தர்களின் உள்ளத்தையும் புறக்கணிக்கவில்லை. மந்திரிகளும் நீதிபதிகளும் பதவி ஏற்கும்பொழுது கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம் என்று இரு வழியையும் அருகருகே வைத்தது. இருபத்தைந்தாம் பிரிவில் மனச்சாட்சியின் சுதந்திரத்தை எல்லாருக்கும் பொதுவாக்கி, மதத்தைக் கைக்கொள்ளும் உரிமையை அதனோடு சேர்த்தே வழங்கியது. நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே வாக்கியத்தின் நிழலில் வாழ்கிறோம்.

உறுதிமொழியில் இவ்விரண்டு வழிகளும் எளிதில் கிடைத்தவை அல்ல. இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா என்பவர், 1880-இல் நார்த்தாம்ப்டன் மக்களால் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், அவர் நாஸ்திகர் என்ற காரணத்தால் சபையில் அமர இடம் பெறாமல், மறுபடியும் மறுபடியும் தேர்தலில் நின்று வென்று, 1886-இல்தான் தடையின்றி அமர்ந்தார். கடவுள் பெயர் சொல்லாமல் உறுதி கூறும் உரிமையை எல்லாருக்கும் அளித்த சட்டம் 1888-இல் அவர் முயற்சியால் நிறைவேறியது. அவருடைய மதச்சார்பற்ற இயக்கத்தின் அலை அக்காலத்திலேயே நம் சென்னைக் கரையையும் தொட்டது. சென்னை இலௌகிக சங்கம் என்ற பெயரோடு சில தமிழர்கள் கூடி, 1882 முதல் 1888 வரையில் ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் வாரப் பத்திரிகையை நடத்தினார்கள். குழந்தை மணத்தையும் விதவையர் துயரத்தையும் சாதிக் கொடுமையையும், சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று பாராமல், மனிதன் என்ன படுகிறான் என்று பார்த்து எழுதிய அவர்களுடைய துணிவை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. மனிதநேயச் சிந்தனை அண்மையில் கப்பலேறி வந்த சரக்கு என்று எண்ணுபவர்கள் அப்பத்திரிகையின் மறுபதிப்புத் தொகுதிகளைப் புரட்டிப் பார்ப்பார்களாக.

பிராட்லா 1891-இல் காலமானார். மதச் சடங்கு ஏதும் இன்றி அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மோகன்தாஸ் காந்தி என்ற இளைஞர், இந்தியாவின் நண்பராகிய அவருக்கு இறுதி மரியாதை செலுத்தும் பொருட்டு அங்கே சென்றார். கிறிஸ்தவப் பாதிரிமார் சிலரும் வந்திருந்தனர் என்று அவர் தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார். தாம் நம்பும் பிரார்த்தனை எதுவும் ஒலிக்காத அந்த மண்ணில், வாழ்நாளெல்லாம் தம்மோடு வாதாடிய ஒருவருக்காகத் மரியாதை செலுத்தி நின்ற அப்பாதிரிமாரைத்தான், எங்கள் வேண்டுகோளைப் படிக்கும் பக்தர்களுக்கு முன்மாதிரியாக நாங்கள் நிறுத்த விரும்புகிறோம்.

அந்த இளைஞர் மகாத்மாவான பிறகு, கோரா என்று அழைக்கப்பட்ட ஆந்திர நாட்டு நாஸ்திகர் கோபராஜு ராமச்சந்திர ராவ் அவரைத் தேடிச் சேவாகிராமம் சென்றார். 1940-இல் கிருஷ்ணா ஜில்லாவில் முதுனூர் என்ற கிராமத்தில் நாஸ்திக மையம் ஒன்றை நிறுவித் தீண்டாமை ஒழிப்பில் ஈடுபட்டிருந்தவர் கோரா. பிரார்த்தனையே மூச்சாகக் கொண்ட காந்தியடிகளும், பிரார்த்தனையில் கலந்துகொள்ளாத கோராவும் பேசிய பேச்சுகளைக் கோரா ஒரு நூலாக எழுதி வைத்திருக்கிறார். தம்முடைய ஆஸ்திகமே சரி என்றோ, கோராவின் நாஸ்திகம் தவறு என்றோ தம்மால் அறுதியிட்டுச் சொல்ல இயலாது, இருவருமே சத்தியத்தைத் தேடுகிறவர்கள் என்னும் கருத்துப்பட அடிகள் பேசினார். கோரா தம் மகளைத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த இளைஞருக்கு மணம் செய்விக்க எண்ணியபொழுது, அத்திருமணத்தை ஆசிரமத்திலேயே நடத்திவைக்க இசைந்ததோடு, திருமண உறுதிமொழியில் கடவுள் பெயருக்குப் பதிலாகச் சத்தியத்தின் பெயர் வரலாம் என்றும் அடிகள் ஒப்பினார். மணநாளைக் காண அவர் இருக்கவில்லை. அவர் கொலையுண்ட சில வாரங்களில், 1948 மார்ச்சில், சேவாகிராமத்தில் அவர் ஒப்பியவாறே அத்திருமணம் நிறைவேறியது. தம்முடைய இராமனை விட்டுக்கொடுத்தா அடிகள் இதைச் செய்தார்? இல்லை, இராம நாமத்தில் ஊறியவராக இருந்ததனாலேயே பிறருடைய மனச்சாட்சிக்கு அவரால் அவ்வளவு இடம் கொடுக்க முடிந்தது என்பது எங்கள் துணிபு.

நம் பக்கத்திலும் இத்தகைய பெருந்தன்மைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சைவ மடாதிபதியாகிய குன்றக்குடி அடிகளாரும் நாஸ்திகராகிய பெரியாரும் கொள்கையில் இரு துருவங்களாய் நின்றும் நண்பர்களாய்ப் பழகியதைத் தமிழகம் கண்டது. 1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட மண்டைக்காட்டுக் கலவரத்தால் குமரி மாவட்டம் புண்பட்டுக் கிடந்தபொழுது, அங்கே சென்று சமாதானத்திற்கு உழைத்த துறவியும் அந்த அடிகளாரே.

பக்தர்களிடம் கேட்கிற நாங்கள், எங்களைச் சேர்ந்தோர் சார்பில் ஓர் உறுதியும் அளிக்கக் கடமைப்பட்டவர்கள். பிறர் தொழுகிற உருவத்தை இழித்துப் பேசுவதைப் பகுத்தறிவு என்று நாங்கள் கருதமாட்டோம். தேர் வருகிற தெருவில் வழிவிட்டு ஒதுங்கி நிற்போம். நோன்பு நோற்பவர் முன்னிலையில் உண்ணமாட்டோம். கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்தமாட்டோம். ஒரு வழக்கத்தால் ஒரு பெண்ணுக்கோ, ஒரு குழந்தைக்கோ, கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட ஒரு சாதியாருக்கோ தீங்கு விளையுமாகில், அது எவ்வளவு பழமையானதாயினும் அதை எதிர்த்துப் பேசுவோம். அவ்வாறு பேசும்பொழுது, அதே தீங்கைத் தம் சமயத்திற்குள் இருந்தே எதிர்த்த அடியார்களையும் துணைக்கு அழைப்போம்.

இனி எங்கள் கோரிக்கை. புரோகிதர் இன்றி, உற்றார் உறவினர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடக்கிற சுயமரியாதைத் திருமணம், நீதிமன்றத்தில் செல்லாது என்று தீர்க்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது; அண்ணாதுரை அவர்களின் அரசு 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் அக்குறை நீங்கியது. சட்டம் ஏற்றதை வீடு ஏற்க இன்னும் தயங்குகிறது. மகனோ மகளோ அவ்வாறு மணம் புரிய விரும்பினால், மண்டபத்திற்கு வராமல் அவர்களைத் தண்டியாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்பொழுது சாதி, மதம் என்ற கட்டங்களை நிரப்பாமல் விடப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்பதை, மேசைக்கு அப்புறம் அமர்ந்திருக்கும் ஊழியர்கள் தயவுசெய்து நினைவில் கொள்வார்களாக.

எல்லாவற்றினும் மேலாக, மரணத்தைப் பற்றியே மன்றாடுகிறோம். உடல் தானப் படிவத்தில் ஒருவர் எத்தனை கையொப்பம் இட்டிருந்தாலும், அவர் இறந்த பிறகு குடும்பத்தார் சம்மதியாவிட்டால் எந்த மருத்துவக் கல்லூரியும் உடலைப் பெற்றுக்கொள்ளாது. கண் தானமாயின், இறந்த ஆறு மணி நேரத்திற்குள் கண்களை எடுத்தாக வேண்டும். வாதிடுவதற்கு அங்கே பொழுது இல்லை. ஆதலால் வாதம் எல்லாம் உயிரோடு இருக்கும்பொழுதே முடிந்துவிட வேண்டும். உங்கள் குடும்பத்தில் நம்பிக்கையற்றவர் ஒருவர் இருப்பாராகில், இவ்வாரமே ஒரு மாலைப் பொழுதில் அவரை அருகில் அமர்த்திக்கொண்டு, தமக்குப் பின் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, பங்காளிகளில் பெரியவர் ஒருவரையும் உடன் வைத்து எழுதி வாங்குங்கள். பின்னர், உங்களுடைய விருப்பத்தை, எந்தப் பதிகத்தை யார் ஓத வேண்டும், எந்த ஆற்றில் அஸ்தி கரைய வேண்டும், பதினாறாம் நாள் எத்தனை ஏழைகளுக்கு அன்னமிட வேண்டும் என்பது வரையில், அவர் கையாலேயே எழுதச் செய்து, அவரையே அதற்குப் பொறுப்பாளராகக் கையொப்பம் இடச் சொல்லுங்கள்.